மொட்டைப் பெட்டி

ஆடிட்டர் ஆனந்தராஜ் ஆபீசிலிருந்து வாட்ஸ்அப்பில் வந்த பில்லைப் பார்த்ததும், வேறு யாருக்கோ போக வேண்டியது தவறி நமக்கு வந்துவிட்டது என்றுதான் சிம்ரன் நினைத்தாள். நாற்பத்திரண்டாயிரம் ரூபாய். மேலே பார்த்தால் அவள் பெயர், அவள் யூனிட்டின் பெயர், அவளுடைய ஜிஎஸ்டி நம்பர். ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. கையிலிருந்த பசை பிரஷ்ஷை டப்பாவில் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

சிம்ரன் செவிலிமேட்டில் பட்டுப் புடவைக்கு அட்டைப் பெட்டி செய்கிறவள். காஞ்சிபுரத்துப் புடவையைப் பற்றி ஊர் உலகமெல்லாம் பேசும். அதை எதில் வைத்துத் தருகிறார்கள் என்று ஒரு பிராணியும் கேட்காது. வீட்டின் முன்பக்கம் தகரக் கூரை இறக்கி, பேங்க் லோனில் ஒரு கட்டிங் மிஷின் வாங்கிப் போட்டு, மூன்று பெண்களை வேலைக்கு வைத்து, காந்தி ரோட்டில் ஒரு பெரிய கடைக்கு மாதா மாதம் பெட்டி போட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கடையில் ஜிஎஸ்டி பில் இல்லாமல் ஒரு பெட்டியைக்கூட உள்ளே விடமாட்டார்கள். ஆக, அந்த நம்பர் இருக்கிற வரைக்கும் சிம்ரன் முதலாளி. நம்பர் போனால் கடை மறுநாளே வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும், மிஷினை பேங்க்காரன் தூக்கிக்கொண்டு போவான், அவள் பழையபடி விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு ஓட வேண்டியதுதான்.

அந்த நம்பரின் குடுமி ஆனந்தராஜ் கையில் இருந்தது. ஆடிட்டர் என்று ஊர் சொல்கிறதே தவிர அவர் நிஜமான ஆடிட்டர் இல்லை, கணக்கு எழுதிக் கொடுக்கிறவர். ஊர் ஆடிட்டர் என்றது, அவரும் பெரிய மனது பண்ணி ஒத்துக்கொண்டார். நம்பர் வாங்கித் தந்தவர் அவர்தான். வாங்கும்போது சிம்ரனின் மொபைலைக் கொடுக்காமல் தன்னுடைய மொபைலைக் கொடுத்துவிட்டார். "ஓடிபி வந்துது, பாஸ்வேர்டு போச்சுன்னு நீ இன்னாத்துக்கும்மா அலையணும்? நான் பாத்துக்குறேன்" என்றார். எவ்வளவு நல்ல மனுஷன் என்று சிம்ரன் அன்றைக்கு உருகிப் போனாள். புது வீட்டுக்குப் பூட்டு வாங்கிக் கொடுத்தவன் சாவியைத் தன் அரைஞாணில் கட்டிக்கொண்டு போனால் அவனைக் கும்பிடுவார்களா யாராவது? இவள் கும்பிட்டாள்.

அவருக்குச் சம்பளம் மாதம் எழுநூறு என்று பேச்சு. வெறும் வாய்ப்பேச்சு. மாதம் பிறந்ததும் போனில் அனுப்பிவிடுவாள். இப்போது திடீரென்று இரண்டு வருஷத்துக்கும் சேர்த்து ஆலோசனைக் கட்டணம், நோட்டீஸ் பதில் கட்டணம், இதர சேவைகள் என்று நீட்டி முழக்கி ஒரு பில். நோட்டீஸ் எப்போது வந்தது? எதற்கு வந்தது? ஒன்றும் தெரியாது.

மத்தியானம் கிளம்பி ஆபீசுக்குப் போனாள். மாடிப்படி முழுக்க ஆட்கள். ஆனந்தராஜ் இந்தத் தடவை கவுன்சிலருக்கு நிற்கிறார் என்பதால் கணக்கு எழுதுகிற இடமெல்லாம் துண்டறிக்கைக் கட்டும் கொடிக்கம்புமாகக் கிடந்தது. தோளில் கட்சிக் கரைத் துண்டு போட்ட நாலைந்து பேர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்கள்.

"சார், பில்லு வந்துது. மாசம் எழுநூறுன்னு தான சார் பேசனோம்?" என்றாள் சிம்ரன். வாசலிலிருந்து ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தது பத்து வாக்கியம். வெளியே வந்தது அந்த ஒன்றுதான்.

ஆனந்தராஜ் தலையை நிமிர்த்தவில்லை. "இன்னாம்மா, கணக்கு கேக்குறியா?"

அவ்வளவுதான். அவள் அம்மா கங்கையம்மாள் திருமுக்கூடல் பக்கம் இதே ஆனந்தராஜ் குடும்பத்து நிலத்தில் நாற்று நட்டவள். கூலியை எண்ணாமல் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு வர வேண்டும், அதுதான் அங்கே மரியாதை. நின்று எண்ணினால் களத்து மேட்டிலிருந்து இதே கேள்வி வரும் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். சிம்ரன் பிளஸ் டூ முடித்தவள், மிஷின் வைத்திருப்பவள், லோன் கட்டுகிறவள். இருந்தும் என்ன, அந்தக் கேள்வி காதில் விழுந்ததும் கை தானாகக் கட்டிக்கொண்டது. அவளுக்கே அவள் மேல் ஆத்திரமாக வந்தது.

"அதில்ல சார்..."

"வெள்ளிக்கெழமைக்குள்ள போட்டுடு. இல்லன்னா இந்த மாசம் ரிட்டன் நான் போட மாட்டேன். போடலன்னா நம்பர் சஸ்பெண்டு. அப்புறம் கேன்சல். நான் ஒண்ணும் பண்ண வேணாம், தானா போயிடும்."

"அதுல உங்க போனுக்குப் பதிலா என் போன் நம்பரயாச்சும் மாத்திக் குடுங்க சார்."

"பாக்கிய முடி, மாத்தலாம்." சொல்லிவிட்டுப் பக்கத்திலிருந்தவனிடம் பூத் செலவைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். அவள் நிற்கிறாளா போய்விட்டாளா என்றுகூடப் பார்க்கவில்லை.

சிம்ரன் டவுன் பஸ்ஸில் திரும்பி வந்தாள். வீட்டில் ஒட்டு வேலை பார்க்கும் தில்லையம்மாள்தான் தண்ணீர் கொடுத்து விவரம் கேட்டாள். தில்லையம்மாளுக்கு யாரையும் பயமில்லை. ஆனந்தராஜிடம் மாட்டிக்கொண்ட நம்பர் அவளுடையது இல்லையே, அதனால் பயமில்லை.

"ஏம்மா, போன மாசம் மொட்டப் பெட்டி முந்நூறு எடுத்துக்கினு போனாரே அந்தாளு, அதுக்குக் காசு குடுத்தாரா?"

மொட்டைப் பெட்டி என்றால் கடை பெயர் எதுவும் அச்சடிக்காத வெறும் பெட்டி. ஏதோ விசேஷம், வருகிறவர்களுக்குப் புடவை வைத்துக் கொடுக்கப் போகிறோம் என்று ஆனந்தராஜ் கேட்டார். சிம்ரன் தானே டெம்போவில் ஏறிப் போய் அவர் சொன்ன மூன்று வீடுகளில் இறக்கி, கணக்குக்காகப் போட்டோவும் எடுத்துக்கொண்டு வந்தாள். காசைப் பற்றி அவரும் பேசவில்லை, அவளும் வாயைத் திறக்கவில்லை.

"அத பில்லுல கழிச்சுக்கச் சொல்லு. ஆள் முன்னாடி பேசறதுக்குப் பயமா இருந்தா போன்ல பேசி அனுப்பு. சும்மா வுட்டா தலைல மொளகா அரைப்பான்" என்றாள் தில்லையம்மாள்.

அது நியாயமாகத்தான் பட்டது. எல்லாரும் போன பிறகு சாயங்காலம் சிம்ரன் சமையல்கட்டில் நின்றுகொண்டு வாய்ஸ் மெசேஜ் பேசினாள். பேசும்போதே குரல் நடுங்கியது. நடுநடுவே மூச்சு முட்டி நின்று நின்று பேசினாள்.

"சார், சிம்ரன் பேசுறேன். நீங்க போட்ட பில்லு எனக்குத் தாங்காது சார். போன மாசம் பெட்டி போச்சே... அந்தக் கணக்கு அப்டியே இருக்குது. எந்த வீட்ல எத்தினி பெட்டி எறங்குச்சுன்னு எல்லாம் எனக்குத் தெரியும் சார். போட்டோ எடுத்து வெச்சிருக்கேன். அத நீங்க மறந்துட்ட மாதிரி பேசனா எப்டி? அதுக்கும் இதுக்கும் நேர் பண்ணிக்கினு என் நம்பர என்கிட்ட குடுத்துடுங்க. இல்லன்னா நான் எங்க போயி சொல்றது சார்?"

அனுப்பிவிட்டாள். அனுப்பின மறுநொடியே, ஐயோ, இவ்வளவு பேசியிருக்க வேண்டாமே என்று தோன்றியது. அழித்துவிடலாம் என்று விரலை வைக்கப் போனபோது மெசேஜுக்குப் பக்கத்திலிருந்த அடையாளம் நீலமாகிவிட்டது. கேட்டுவிட்டார். பதில் வரும் வரும் என்று அடுப்பைப் பற்ற வைக்காமலே உட்கார்ந்திருந்தாள். ஒரு வார்த்தையும் வரவில்லை. திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

ஒரகடத்தில் நைட் ஷிப்டுக்குப் போயிருந்த கணவன் மணிவண்ணனுக்கு போன் போட்டுச் சொன்னாள். அவன் ஆறுதல் சொல்வான் என்று பார்த்தால், "உனக்கு இன்னா பைத்தியமா? எலெக்‌ஷன் டைம்ல அவன்கிட்ட போயி மோதிக்கினு! அவன் ஆள் வெச்சிருக்கான் சிம்ரன். கதவ நல்லா தாப்பா போட்டுக்கினு படு" என்றான். போய்த் தூங்கு என்று சொல்கிற பேச்சா இது? அன்று ராத்திரி தெருவில் நாய் குரைத்தாலும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடைக்காரர்கள் பெட்டியைத் திருப்பி அனுப்புகிற மாதிரியும், மிஷினைக் கயிறு கட்டி இறக்குகிற மாதிரியும் கண்ணுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

காலையில் வாசல் தெளிக்கலாம் என்று கதவைத் திறந்தால், எதிரே ஒரு பழைய ஸ்கூட்டர் வந்து நின்றது. கொடி கட்டின கார் இல்லை, கூட ஆள் இல்லை. ஹெல்மெட்டைக் கழற்றியதும் பார்த்தால் ஆனந்தராஜ். கையிலிருந்த பக்கெட்டைக் கீழே வைக்கத் தோன்றாமல் பிடித்துக்கொண்டே நின்றாள். மணிவண்ணன் வர இன்னும் நேரமிருந்தது.

"உள்ள வரலாங்களாம்மா?" என்றார் அவர்.

இரண்டு வருஷமாக "வாம்மா, போம்மா, நீ" என்று பேசின வாய். இன்றைக்கு "வரலாங்களா" என்கிறது. மரியாதை வந்ததும் அவளுக்குப் பயம் இன்னும் கூடியது. கோபத்தில் இருக்கிற மனுஷனையாவது புரிந்துகொள்ளலாம், திடீரென்று பணிந்து பேசுகிறவனை எப்படிப் புரிந்துகொள்வது?

அவர் உள்ளே வந்து அட்டைக் கட்டின் மேலேயே உட்கார்ந்தார். "கொஞ்சம் தண்ணி குடுங்க."

அந்தக் குடும்பத்திலிருந்து ஒருவர் இவர்கள் வீட்டுத் தண்ணீரை வாங்கிக் குடித்ததாக அவள் கேள்விப்பட்டதே இல்லை. சொம்பைக் கொடுத்தாள். மனுஷன் அண்ணாந்துகூடக் குடிக்கவில்லை, வாய் வைத்து மடக்மடக்கென்று குடித்தார். சட்டை முன்பக்கம் நனைந்தது.

"அந்த வாய்ஸ வேற யாருக்காச்சும் அனுப்பினீங்களா?"

"இல்ல சார். எங்க வீட்டுக்காரர்கிட்ட மட்டும் சொன்னேன்."

அவர் கண்ணை மூடித் திறந்தார். "போட்டோ?"

"போன்ல தான் சார் இருக்குது. மூணு வீட்டுதும் இருக்குது. பாக்கறீங்களா?" என்று அவள் போனை எடுத்தாள். காட்டிவிட்டால் கோபம் தணிந்துவிடும், இவ்வளவு பெட்டிக்கு இவ்வளவு ரூபாய் என்று பேசிவிடலாம் என்றுதான் நினைத்தாள் பாவம்.

"ஐயோ, வேணாம் வேணாம்!" அவர் இரண்டு கையையும் உயர்த்திவிட்டார். "நான் பாக்கல. நான் பாத்தேன்னு எங்கயும் இருக்கக் கூடாது. நேத்து சாயந்தரம் பாலாத்துப் பாலத்தாண்ட பறக்கும் படைக்காரன் ஒரு வண்டிய மடக்குனான்ல, அதுலயே பாதி உசுரு போயிடுச்சு எனக்கு. புடவ மட்டும் வெச்சிருந்தா எதாச்சும் சொல்லித் தப்பிச்சிருக்கலாம். இந்த மடப்பசங்க புடவைக்கு அடில பணக் கவரையும் வெச்சுத் தொலச்சானுங்க. வண்டி யாருதுன்னு அவனுங்களுக்கு இன்னும் தெரியல. பெட்டி யாருதுன்னு கேட்டுக்கினு இருக்கானுங்க. அந்த நேரம் பாத்து நீங்க, பெட்டிக் கணக்கு என்கிட்ட இருக்குது, எங்க போயி சொல்றதுன்னு கேக்கறீங்க. நான் தூங்குவனா?"

சிம்ரனுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு ஒவ்வொன்றாக விளங்கியது. விசேஷம் என்றால் எந்த விசேஷம், வருகிறவர்கள் என்றால் எந்த வருகிறவர்கள், எதற்காகக் கடை பெயர் இல்லாத பெட்டி, எதற்காக மூன்று வீட்டில் பிரித்து இறக்கச் சொன்னார் என்று எல்லாம் விளங்கியது. அவள் அட்டைப் பெட்டி என்று நினைத்துப் பெட்டி என்றாள். அரசியலில் இருக்கிறவன் காதில் பெட்டி என்றால் அட்டையா விழும்? எங்க போயி சொல்றது என்று நாதியில்லாமல் அழுதாள். அவர் அதைப் போலீசிலா, தேர்தல் ஆபீசிலா என்று கேட்டதாக எடுத்துக்கொண்டார். நடுக்கத்தில் நின்று நின்று பேசினதெல்லாம் அவருக்கு மிரட்டலாகக் கேட்டிருக்கிறது.

சார், நான் அட்டைக்குத்தான் காசு கேட்டேன், சத்தியமாக வேறொன்றும் தெரியாது. இந்த வார்த்தை அவள் தொண்டை வரைக்கும் வந்தது. சொன்னால் அவருக்கு உயிர் வந்துவிடும். உயிர் வந்த கையோடு "கணக்கு கேக்குறியா"வும் வந்துவிடும், வெள்ளிக்கிழமையும் வந்துவிடும். சொல்லாமல் இருந்தால்? ஓட்டுக்குப் பணம் கொடுக்கிற ஆளின் ரகசியம் தெரிந்த பெண்பிள்ளை என்று ஆகிவிடுவாள். அதற்குமேல் இன்னொன்று. பிடிபட்ட பெட்டி அவள் மிஷினில் வெட்டினது, அவள் வீட்டில் ஒட்டினது, அவளே போய் இறக்கினது. யார் செய்த பெட்டி என்று தேடிக்கொண்டு வந்தால் முதலில் இந்த வாசலுக்குத்தான் வருவார்கள். எச்சிலை விழுங்கினாள், கூடவே அந்த வார்த்தையையும் விழுங்கிவிட்டாள்.

பேசாமல் நின்றதே போதுமானதாக இருந்தது.

"சரி, நீங்க கேட்டத குடுத்துடுறேன். அதுக்கு மேல ஆசப்படாதீங்க" என்றார் ஆனந்தராஜ். "எங்க, லேப்டாப் இருக்குதா?"

மணிவண்ணனின் பழைய லேப்டாப்பை அவள் கொண்டுவந்து வைத்தாள். போன் நம்பரை மாற்றுவது எப்படி என்று யூடியூபில் பலதடவை பார்த்து வைத்திருந்தாள், ஆனாலும் விரல் சொன்ன இடத்துக்குப் போகவில்லை. அவர்தான் பாஸ்வேர்டைச் சொன்னார். பார்த்தால் அவர் மகள் பெயரும் பிறந்த வருஷமும்! சிம்ரனின் பிழைப்பு முழுக்க இரண்டு வருஷமாக 'பிரியதர்ஷினி' என்ற பூட்டுக்குள் கிடந்திருக்கிறது. அவள் மொபைலுக்கு ஒரு ஓடிபி வந்தது. அடுத்தது அவர் மொபைலுக்கு வந்தது. அவர் ஒவ்வொரு எண்ணாகப் படித்தார். அவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டி ஒரு எண்ணைத் தப்பாக அடித்துவிட்டாள். மறுபடி கேட்டு, மறுபடி அடித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, உங்கள் விவரம் மாற்றப்பட்டது என்று அவள் போனுக்கே செய்தி வந்தது. பாஸ்வேர்டையும் அவர் எதிரிலேயே மாற்றினாள். என்ன வைத்தாள் என்று அவரால் பார்க்க முடியாதபடி லேப்டாப்பைத் திருப்பி வைத்துக்கொண்டாள்.

"அந்த பில்ல மறந்துடுங்க" என்றார் அவர். எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார். வேலை முடிந்துவிட்டது என்றதும் முதுகு நிமிர்ந்தது, குரலும் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. "பரவால்லம்மா, உஷாரான ஆளு தான் நீ. இனிமே நீயும் நம்ம ஆளு. சாயந்தரத்துக்குள்ள இன்னும் எரநூறு மொட்டப் பெட்டி வேணும். வண்டி நான் அனுப்புறேன். மூடியோட மாடல மட்டும் கொஞ்சம் மாத்திடு, பழசுக்கும் புதுசுக்கும் சம்பந்தம் இல்லாத மாதிரி."

நேற்று வரைக்கும் இருந்தது நம்பர் போய்விடுமே என்ற பயம். இது வேறு. அது போனதும் இது வந்து உட்கார்ந்துகொண்டது. மாட்டேன் என்று சொல்லிப் பழகாத வாய். சரி என்று சொன்னால் அவள் வாழ்நாள் பூராவும் அவர் ஆள். அம்மா அந்த நிலத்தின் ஆள், இவள் இந்தப் பெட்டியின் ஆள். அவர் வாசல் வரைக்கும் போய்விட்டார். ஏதாவது சொல்லியாக வேண்டும். கடைசியில் வாயிலிருந்து வந்தது, பெட்டி கேட்டு வருகிற ஒவ்வொருவரிடமும் அவள் கேட்கிற கேள்விதான்.

"போடுறேன் சார். பில்லு யார் பேர்ல போடட்டும்?"

ஆனந்தராஜ் திரும்பினார்.

"இன்னா சொன்ன?"

"நம்பர் இப்ப என்கிட்ட இருக்குது சார். பெட்டி போனா நான் பில்லு போட்டுத்தான் ஆகணும். உங்க பேரா, ஆபீஸ் பேரா?" கேட்கிறவர்களுக்கு இது பெரிய சாமர்த்தியமாகத் தோன்றலாம். சாமர்த்தியமும் இல்லை, மண்ணும் இல்லை. பயத்தில் உளறினாள், அவ்வளவுதான். உளறின பிறகுதான் அதன் அர்த்தம் அவளுக்கே உறைத்தது. இருந்தாலும் அவள் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

அவர் அவளையே பார்த்தார். அந்தப் பார்வையை இன்றைக்கு நினைத்தாலும் அவளுக்கு மயிர்க்கால் குத்திட்டுவிடும். சிம்ரன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். ஆனாலும் தலையைக் குனியவில்லை. ஏதோ சொல்ல வந்தவர் வாயை மூடிக்கொண்டு ஹெல்மெட்டை மாட்டினார். கண்ணாடியை இறக்கிக்கொண்டு, "வேணாம். நான் வேற எடத்துல பாத்துக்குறேன்" என்றார்.

ஸ்கூட்டர் சத்தம் தெரு திரும்பி ஓய்கிற வரைக்கும் நின்றாள். பிறகு அட்டைக் கட்டின் மேல் உட்கார்ந்து, புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். சந்தோஷமா, பயமா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. பயம்தான் அதிகம்.

வேலைக்கு வந்த தில்லையம்மாள் அவள் முகத்தைப் பார்த்துப் பதறிவிட்டாள். "இன்னாம்மா ஆச்சு? அந்தாளு காசு குடுத்தாரா இல்லியா?"

"நம்பர குடுத்துட்டாரு."

"காசு?"

"அத இனிமே கேக்காதக்கா. யார் கேட்டாலும் அந்தப் பேச்ச எடுக்காத." சிம்ரன் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மற்ற இரண்டு பெண்களும் வந்ததும் வாசலை ஒருதரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். பட்டப்பகலில் உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அந்த வீட்டில் வேலை நடக்க ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.